அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க

நான் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு எடுக்கிறேன். ஒரு சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் வேறு சொற்களைக் கேட்பது எங்கள் கேள்வித்தாளில் முதலில் வரும் பகுதி. எந்தச் சொல்லையும் சிரித்த முகமாகவே நடத்திவிடுவேன், ஒன்றைத் தவிர. 'அட்ஜஸ்ட்' என்று கரும்பலகையில் எழுதும்போது மட்டும் சாக்பீஸ் உடைந்துபோகிறது. அவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் போலிருக்கிறது.

அந்தச் சொல்லுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் பொருள் சரிசெய்தல், பொருத்துதல், ஒழுங்குபடுத்துதல். இணைச்சொற்களாக அடாப்ட், ஆல்ட்டர், அரேஞ்ச் என்று கொடுத்திருப்பார்கள். தப்பில்லை. மூக்குக்கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்யலாம். தையல் மெஷினில் நூலின் இறுக்கத்தை, வண்டியின் பிரேக்கை, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை எல்லாம் அட்ஜஸ்ட் செய்யலாம். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும். அவர்களிடம் யாரும் இந்தச் சொல்லை முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பிரேக்கையும் கடிகாரத்தையும் யாரும் அட்ஜஸ்ட் செய்யச் சொல்வதில்லை. மனிதர்களைத்தான் சொல்வார்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்து நின்று சொன்னால், நீ பாதி உடம்போடு உட்கார் என்று பொருள். மருமகளிடம் சொன்னால், வாயை மூடு என்று பொருள். ஆசிரியையிடம் சொன்னால், சம்பளம் கேட்காமல் இன்னும் கொஞ்சம் வேலை செய் என்று பொருள். நோயாளியிடம் சொன்னால் என்ன பொருள் என்பதை என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெரிந்துகொண்டேன். பட்டினி கிட என்று பொருள். இது எந்த அகராதியிலும் இல்லை. நான்தான் சேர்க்கிறேன்.

அப்பா அனந்தபுரம் பக்கத்தில் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கேப்பையும் போடுகிற விவசாயி. நாங்கள் சமணக் குடும்பம். செஞ்சியைச் சுற்றி எங்களைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, ஏர் ஓட்டி வாழ்கிறார்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது. இருட்டில் சாப்பாட்டில் விழும் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல் ஓர் உயிரைத் தின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். நான் வேலைக்கு வந்தபிறகு அதையெல்லாம் கைவிட்டுவிட்டேன். இரவு எட்டு மணிக்கு டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். அப்பா விட்டதில்லை. என்னைக் குறை சொன்னதும் இல்லை.

அவருக்குக் கடிகாரம் பொருட்டில்லை. கொல்லையில் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிவிட்டு வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். ரேகை தெளிவாகத் தெரிந்தால் சோறு போடச் சொல்வார். தெரியாவிட்டால் பேசாமல் போய்ப் படுத்துவிடுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய் நேரமாகிவிட்டதற்காக அவர் வெறும் வயிற்றோடு படுத்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பில் சோறு சூடாகத்தான் இருக்கும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள், அவரும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த மாசி மாதம் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கோளாறெல்லாம் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ராத்திரிச் சாப்பாடு இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் வார்டுக்கு வரும். வந்தாலும் வெங்காயமும் உருளைக்கிழங்குமாக வரும். அப்பா வெங்காயமும் கிழங்கும் தொடமாட்டார். ஹோட்டலில் கை நனைத்தவரும் இல்லை. கூட இருந்து பார்த்துக்கொண்ட அத்தை, அப்பாவின் தங்கை, அவரைத் தனியாக விட்டு எங்கும் நகர முடியாது. பகல் சாப்பாட்டை விடியற்காலையில் ஊரிலிருந்து பால் வண்டிக்காரரிடம் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அதிலேயே சாயங்காலத்துக்கும் கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்த்தோம். வெயிலில் புளித்துப்போனது. அதைச் சாப்பிட்டு வாந்தியெடுத்து, தையல் போட்ட இடம் வலித்து அவர் துடித்ததைப் பார்த்த டாக்டர், சாயங்காலத்துக்குச் சூடாக, புதிதாகச் சமைத்ததை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மதியம் சாப்பிட்ட இரண்டு கவளத்தோடு மறுநாள் காலை வரைக்கும் ஒரு வயதான உடம்பு கிடந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. நர்ஸிடம் சொன்னேன். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"ராத்திரி சாப்பாடு எல்லாருக்கும் ஒரே டைம்தாங்க. தாத்தாவ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

வார்டில் அவர் படுத்திருந்த பக்கம் ஜன்னல் இல்லை. காலையா மாலையா என்று தெரியாமல் டியூப்லைட் வெளிச்சத்திலேயே கிடந்தார். அத்தையிடம் ஓயாமல், "பொழுது கீதா பாரும்மா" என்று, வெளியே வெளிச்சம் இருக்கிறதா எனக் கேட்பார். அத்தை எழுந்து நடைக்கூடத்தின் கோடிவரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியானது. அதைக் கேட்டேன். ஆபீஸில் இருந்தவர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். என்ன பதில் என்று எழுத வேண்டுமா? பெங்களூரில் இருக்கும் தம்பியிடம் போனில் அழுதேன். அவன்கூட, "அக்கா, ஆஸ்பத்திரின்னா அப்டித்தான். அப்பாதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றான். இவனும் அதே கொல்லையில் அதே உள்ளங்கையைப் பார்த்து வளர்ந்தவன்தான். போனை வைத்துவிட்டேன்.

சரி, யாரும் வேண்டாம், நானே சமைத்துக் கொண்டுபோகிறேன் என்று முடிவு செய்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. நான்கு மணிக்குப் பள்ளி விடும். என் வீடு பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கிறது. காலையிலேயே அரிசியும் பாசிப்பருப்பும் கழுவி குக்கரில் போட்டு வைத்திருப்பேன். ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சியாகக் குழைய வேகவிட்டு, டப்பாவில் ஊற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தால், பொழுது சாய்வதற்குள் அப்பாவின் கட்டிலருகே போய்விடலாம். இரண்டு நாள் போனேன். அப்பா சாப்பிட்டார். அத்தை நடைக்கூடத்தின் கோடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா வெளிச்சமா கீது, சாப்டு" என்று சொன்ன பிறகு சாப்பிட்டார். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

மூன்றாம் நாள் பத்தாம் வகுப்புக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ் என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். பள்ளி விட்டபின் முக்கால் மணி நேரம். எல்லா நாளும் ஆங்கிலத்துக்கு என்று இல்லை, ஆனால் அந்த வாரம் முழுவதும் ஆங்கிலம்தான். நான் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். அழவில்லை, கெஞ்சவில்லை, வழியோடுதான் போனேன். கணக்கு ஆசிரியை இந்த வாரத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அடுத்த வாரம் அவருடையதையும் சேர்த்து நான் எடுக்கிறேன் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பும் குறையாது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எல்லார் வீட்லயும் பிரச்சினை இருக்குதுங்க மேடம். டைம் டேபிள் ஒட்டியாச்சு. இப்போ மாத்துனா ஆளுக்கு ஆள் வந்து நிப்பாங்க. ஒரு வாரம்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

"சார், எங்கப்பா பொழுது போனா சாப்பிட மாட்டார் சார்."

"அவரையும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க. உடம்பு சரியில்லாதப்போ சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது."

என் சாமிக்கும் சேர்த்து இவரே முடிவு சொல்லிவிட்டார். ஒரு காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? பசையும் அவர் மேசைமேல்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவர் அட்ஜஸ்ட் பண்ணமாட்டார். ஒரு கிழவர் எழுபது வருஷமாகக் காப்பாற்றிவந்ததை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், அவர் குரலில் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார். இந்தச் சொல்லின் விஷம் அங்கேதான் இருக்கிறது. திட்டினால் திருப்பித் திட்டலாம். உத்தரவு போட்டால் எதிர்த்து எழுதிக் கொடுக்கலாம். ஏதோ உதவி கேட்கிற மாதிரி வந்து நிற்கிறவரை என்ன செய்வது? மறுத்தால் நாம்தான் கெட்டவர்கள்.

அன்றைக்கு மாசி அமாவாசை. எங்கள் பக்கத்தில் அமாவாசை என்றால் மேல்மலையனூர். மாசி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம், ஓடுகிற பஸ்ஸெல்லாம் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விடும். ஸ்பெஷல் கிளாஸை நடத்தி முடித்து, வீட்டுக்கு ஓடி, கஞ்சியை ஆறவிடக்கூடப் பொறுமையில்லாமல் டப்பாவில் ஊற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், விழுப்புரம் பஸ் நிற்கும் இடத்தில் தலை தலையாக நிற்கிறார்கள். பஸ்ஸைக் காணோம். வெகுநேரம் கழித்து ஒன்று வந்தது. உள்ளே போக வழியில்லை. படியில் ஒரு காலை வைத்து, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு தொற்றினேன். கண்டக்டர் முதுகில் தட்டினார்.

"உள்ள போங்கம்மா, உள்ள போங்க. அட்ஜஸ்ட் பண்ணி நில்லுங்க. எல்லாரும் போவணும் இல்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவரே கதவில் தொங்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பு எரிந்தது. டப்பாவின் மூடி சரியாக மூடாமல் கஞ்சி கசிந்து புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. சூடு வயிற்றில் சுட்டது. நகர இடமில்லை, அதனால் அப்படியே நின்றேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பார்த்தேன், வலப்பக்கம் சூரியன் சவுக்குத் தோப்புக்குமேல் சிவப்பாக நின்றது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் நீளமாக நின்றன. அங்கே நிற்கும்போதே அது கீழே இறங்கிவிட்டது. வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. என் கையை நீட்டி ரேகை தெரிகிறதா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். நீட்டக் கையில்லை. ஒன்றில் டப்பா, ஒன்றில் கம்பி.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தார்.

"பொழுது போய்டுச்சேம்மா" என்றார், தன் தப்பு போல.

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் வந்த சத்தத்தில் விழித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கலைந்த தலையும், கஞ்சி வழிந்த புடவையும், இன்னும் அடங்காத மூச்சும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நான் டப்பாவைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் இல்லாத மாதிரி உட்கார்ந்தேன். ஊசி போட வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"லைட்டு எரியுதே, பகல் மாதிரிதானே இருக்கு? இன்னிக்கி ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க தாத்தா. பாவம், எவ்ளோ தூரத்திலிருந்து கொண்டாந்துகீறாங்க."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேராக உள்ளங்கையை விரித்தார்.

"ரேகை தெரியுதே. குடும்மா. ஒரு நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்கினு சாப்டுறேன்."

அந்தச் சொல்லை என் அப்பா சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வார்டில் படுத்துக் கிடந்து, தன்னிடம் எல்லோரும் சொன்னதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. நான் ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்து, மாத்திரையை முழுங்குவது போல முழுங்கினார். அடுத்த ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை. "போதும்மா, ரொம்பிப்போச்சு" என்றார்.

அந்த ஒரு ஸ்பூனுக்காக எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. பசித்துச் சாப்பிட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் பசிக்குச் சாப்பிடவில்லை. நான் ஓடி வந்தது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகச் சாப்பிட்டார். வெள்ளாமை பொய்த்துப்போன வருஷத்திலும் விடாத ஒன்றை, ஒரு டைம் டேபிளுக்காக அவரிடமிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கியவர்கள் யாருக்கும் தாங்கள் பிடுங்கியதுகூடத் தெரியாது. ஆளுக்கு ஒரு தடவை சிரித்த முகமாக ஒரு சொல்லைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அன்று அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்பி, வீட்டில் புடவை மாற்றி, அரிசியைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கணக்கு ஆசிரியையிடம் மட்டும் சொன்னேன். "நீங்க போங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன்" என்றார். நான்கு மணிக்கு மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலைமை ஆசிரியர் வராண்டாவில் நின்றிருந்தார்.

"எங்க மேடம் கிளம்பிட்டீங்க? ஸ்பெஷல் கிளாஸ்?"

"கணக்கு டீச்சர் எடுக்கறாங்க சார். எங்கப்பாவுக்குப் பொழுதோட சாப்பாடு கொடுக்கணும்."

"அதான் நேத்தே சொன்னேனே..."

"இந்த வாரம் நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்ன அதே சிரிப்போடு, அதே மரியாதையோடு, அவர் சொன்ன அதே சொல்லைத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "என்ன மேடம், மரியாதையில்லாம பேசறீங்க!" என்று கத்தினார். வராண்டாவில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷம் ஆங்கிலம் நடத்தியும் எனக்குப் புரியாத பொருள் அந்த நிமிஷத்தில் புரிந்தது. மேலிருந்து கீழே சொன்னால் அது அன்பான வேண்டுகோள். கீழிருந்து மேலே சொன்னால் அவமானம். அப்படியென்றால் அவ்வளவு நாளும் அந்தச் சொல்லால் எங்களை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவருக்கே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

விளக்கம் கேட்டு மறுநாள் மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். அது பிறகு நடந்த கதை.

வராண்டாவில் அதைச் சொல்லிவிட்டுப் போன அன்றைக்குக் கஞ்சி நன்றாக வெந்திருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் சுவரில் இருந்தது. யாரையும் கேட்காமல், நானும் அத்தையுமாகச் சேர்ந்து அப்பாவின் சக்கரக் கட்டிலை நடைக்கூடத்தின் கோடிக்கு, ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். அப்பா உள்ளங்கையை வெயிலில் நீட்டினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "போடும்மா" என்றார்.

டப்பாவில் பாதிக்குமேல் சாப்பிட்டார். நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"இன்னிக்கி ஜல்தியா வந்துட்டியே. பள்ளிக்கூடத்துல எப்டிம்மா வுட்டாங்க?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கினாங்கப்பா."

"நல்ல மனுசங்க" என்றார் அப்பா.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஸ்பூனை எடுத்தேன்.